பொய் இரை உணர்த்தும் மெய்

சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியை, இரையென எண்ணித் தூண்டில் இரும்பை மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அந்த உவமைக்கு உரை எதுவும் தேவைப்படாத மக்கள் எமது கரையோரங்களில் இன்றும் வாழ்கின்றனர். ஆனால், இரும்பை மறைக்கும் இரை மாறிவிட்டது. மண்புழுவும் இறாலும் இருந்த இடத்தில் வண்ணம் பூசிய பிளாஸ்டிக் மீனும், இறப்பரில் வார்த்த தவளையும், பளபளக்கும் உலோகத் தகடும் வந்துள்ளன. ‘லூவர்’ என்று இளைஞர்கள் அழைக்கும் இந்தப் பொய் இரைகள் கற்பிட்டிக்கு வரும் உல்லாசப் பயணிகளின் பைகளில் மட்டும் இருப்பவை அல்ல. களப்போரத்திலும் குளக்கட்டிலும் பொழுது சாயும் வேளையில் தூண்டில் வீசும் உள்ளூர் இளைஞர்களும் அவற்றை நாடுகின்றனர்.

இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனினும், எந்த மீன் எந்தப் பொய் இரையைக் கவ்வும் என்ற கேள்விக்கு விடை தேடுபவர், நீரையும் கரையையும் கண்டல் காட்டையும் மீனின் வாழ்க்கையையும் படிக்க வேண்டியவராகிறார். அப்படிப் படித்தவருக்கு வேறொரு கேள்வியும் புலப்படும். எமது நீர்நிலைகளில் எந்த மீன் வாழ வேண்டும், அதில் எந்த அளவு மீனை எடுக்கலாம் என்பதே அந்தக் கேள்வி. களப்பை நம்பி வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் உணவோடும் வருவாயோடும் இது நேரடியாகத் தொடர்புடையது.

பொய் இரையின் பிறப்பு

பொய் இரை இன்று ஒரு பெருந்தொழிலின் உற்பத்திப் பொருளாகிவிட்டபோதிலும், அதன் தொடக்கம் எளிய மனிதர்களின் கூர்ந்த கவனிப்பிலேயே உள்ளது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜூலியோ புவெல் என்பவர் கரண்டி வடிவ உலோகத் தகட்டில் முள் பொருத்திய இரைக்கு 1852 இல் காப்புரிமை பெற்றார். அதே நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் ஜேம்ஸ் ஹெடன் 1890களின் இறுதியில் மரத்தில் தவளை செதுக்கி மீன் பிடித்தார். நிக் கிரீம் என்பவர் 1949 இல் மென்மையான பிளாஸ்டிக்கில் மண்புழுவை வார்த்தெடுத்தார்.

இவர்களுள் பின்லாந்து நாட்டு ஏழை மீனவரான லௌரி ரபாலாவின் கதை எமக்கு மிக நெருக்கமானது. கூட்டமாக நீந்தும் சிறு மீன்களுள் காயம்பட்டுத் தள்ளாடும் மீனையே பெரிய மீன் முதலில் தாக்குகிறது என்பதை அவர் கண்டறிந்தார். தக்கையைச் செதுக்கி, சொக்கலேட் சுற்றிவரும் ஈயத்தாளைப் போர்த்தி, புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சிட்டு, அந்தத் தள்ளாட்டத்தை அப்படியே காட்டும் இரையொன்றை 1936 இல் உருவாக்கினார். பின்னாளில் உலகெங்கும் விற்பனையான ஒரு பெயர், கழிவுப் பொருள்களிலிருந்து பிறந்தது. அவருக்கு மூலதனமாக இருந்தது பார்வை ஒன்றே.

மீன் எதனால் ஏமாறுகிறது என்பதை இங்கு விளக்க வேண்டும். மீனின் உடலின் இருபுறமும் செவுளிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பு, நீரில் எழும் மிகச் சிறிய அதிர்வையும் அறியவல்லது. கலங்கிய நீரிலும் இருளிலும் வேட்டையாடும் மீன், இரையைக் கண்ணால் காண்பதற்கு முன்னரே அதன் அதிர்வை உணர்ந்துவிடுகிறது. நல்ல பொய் இரை மனிதக் கண்ணுக்கு மீனைப் போலத் தோன்ற வேண்டியதில்லை. மீனின் பக்கக்கோட்டுக்கு அது உயிருள்ளதாக இருக்க வேண்டும். கடையில் அழகாகத் தெரியும் இரை பலவேளைகளில் நீரில் பயனற்றுப் போவதற்கும், பூச்சு உரிந்த பழைய இரை மீண்டும் மீண்டும் மீன் தருவதற்கும் காரணம் இதுவே.

பாஸ் மீனும் எமது கொடுவாவும்

பொய் இரைகளுள் பெரும்பகுதி, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரிய லார்ஜ்மௌத் பாஸ் என்ற பெருவாய் மீனை மனத்திற் கொண்டு உருவாக்கப்பட்டவை. அந்த நாட்டில் ஊர்க்குளத்தில் விதவிதமான இரைகளை வீசி இந்த மீனைப் பிடிப்பது சிறுவர் முதல் முதியோர் வரை ஈடுபடும் விளையாட்டாகும். புத்தளத்தின் நீர்நிலைகளுக்கு உரியதல்லாத அந்த மீனுக்கென அமைந்த இரை இங்கே எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடை கொடுவா.

சிங்களத்தில் மோதா என்றும், அவுஸ்திரேலியாவில் பரமண்டி என்றும் வழங்கும் கொடுவா, பாஸ் மீனுக்கு உறவுடையதன்று. ஆயினும், இரண்டின் வேட்டை முறையும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் இரையைத் துரத்திச் சென்று களைப்படைவதில்லை. வேரின் மறைவிலும் தூணின் நிழலிலும் அசையாது காத்திருந்து, இரை அருகே வந்ததும் பெரிய வாயைச் சட்டெனத் திறந்து, நீரோடு சேர்த்து இரையையும் உள்ளிழுத்துக்கொள்கின்றன. பாஸ் மீனுக்கென உருவான இரைகள் பலவும் அவுஸ்திரேலியாவில் கொடுவாவுக்குப் பயன்படுவது இந்த ஒற்றுமையினாலேயே.

புத்தளம் களப்பு, டச்சு விரிகுடா, போர்த்துக்கல் விரிகுடா ஆகியவை இணைந்த நீர்ப்பரப்பு ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் கொண்டது. அதன் பெரும்பகுதி ஆழம் குறைந்தது; கடற்புற்களால் மூடப்பட்டது. மீ ஓயாவும் கலா ஓயாவும் நன்னீரைக் கொண்டுவர, வடக்கே கடலோடு வாய் திறந்திருக்கிறது. வடகீழ்ப் பருவமழையில் உப்புத்தன்மை தாழ்ந்து, வறட்சிக் காலத்தில் களப்பின் தென்பகுதி கடல்நீரையும் விட உப்பாகிவிடும். புத்தளத்து உப்பளங்களுக்கு இந்த இயல்பே அடிப்படை. இத்தகைய மாற்றங்களைத் தாங்கி, கடல்நீரிலும் நன்னீரிலும் வாழவல்ல மீன்களுள் கொடுவா முதன்மையானது. ஆற்றுவாய்களை அண்டிய உவர்நீரில் அது முட்டையிடுகிறது. குஞ்சுகள் கண்டல் வேர்களுக்கிடையிலும் ஆழமற்ற சதுப்பிலும் வளர்கின்றன.

மாவட்டத்தின் உட்பகுதியில் நிலைமை வேறு. தப்போவ, இங்கினிமிட்டிய போன்ற குளங்களில் கொடுவாவின் இடத்தை விரால் வகிக்கிறது. தாமரையிலைகளுக்கும் நீர்ப்பாசிகளுக்கும் இடையே மறைந்திருந்து தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து பிடிக்கும் விராலுக்கு, உயிர்த் தவளையை முள்ளில் கோர்த்து வீசுவது பழைய வழக்கம். இறப்பர்த் தவளை அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே.

எந்த இரை, எப்போது?

புதிதாகத் தூண்டில் எடுப்பவர் முதலில் கேட்பது இரையின் நிறத்தைப் பற்றியாகும். உண்மையில் நிறம் கடைசியில் ஆராய வேண்டிய விடயம். முதலாவது இடம், இரண்டாவது ஆழம், மூன்றாவது வேகம், நான்காவது அளவு, அதன் பின்னரே நிறம்.

இடத்தைத் தெரிவு செய்வதற்கு, இரை எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இலங்கைக் கரையில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்கும் குறைவானவை. இருந்தும், வற்றின்போது கண்டல் ஓடைகளிலிருந்து நீர் வடியும் வாயில்களில் இறாலும் சிறு மீனும் வெளியே அடித்துவரப்படுகின்றன. கொடுவா காத்திருப்பது அங்கேதான். மதகு, பாலத்தின் தூண், சாய்ந்து விழுந்த மரம், ஓடும் நீரும் தேங்கிய நீரும் சந்திக்கும் கோடு ஆகியனவும் அவ்வாறே. திறந்த வெளியில் நூறு முறை வீசுவதிலும், வேருக்கு ஒரு முழம் தள்ளி ஒரு முறை வீசுவது மேலானது.

ஆழத்தைப் பொறுத்தவரை, களப்பின் கடற்புல் படுகைகளில் அமிழும் இரையைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு வீச்சிலும் புல்லே மாட்டும். அங்கே மிதக்கும் இரையோ, ஒரு முழ ஆழத்துக்கு மட்டும் அமிழும் இரையோ பொருத்தமானது. பாலத்தடியிலும் ஆற்று வளைவுகளிலும் ஆழமாகச் செல்லும் இரை தேவை. மீன்வடிவ இரையின் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு போன்ற தகடு நீளமாக இருந்தால் அது ஆழமாகச் செல்லும். குட்டையாக இருந்தால் மேலோடு செல்லும். இந்த ஒரு விதியை அறிந்தவர் பாதிப் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்வார்.

வேகத்தில் பெரும்பாலானோர் செய்யும் தவறு அவசரம். கொடுவா பலவேளைகளில் இரை ஓடும்போது அன்றி, ஓடி நின்ற கணத்திலேயே கவ்வுகிறது. களைத்து நிற்கும் இரை எளிய இரை என்பதை அது அறியும். எனவே இழுத்தல், நிறுத்தல், தங்கூசியைச் சற்றுத் தளர்த்தல், மீண்டும் இழுத்தல் என்ற ஒழுங்கு பயன் தரும். நீர் குளிர்ந்திருக்கும் விடியலில் நிறுத்தம் நீள வேண்டும்.

அளவைத் தீர்மானிப்பது அப்போது நீரில் உள்ள இரையே. சிறு மடவைக் கூட்டங்கள் திரியும் நாள்களில் விரல் நீள இரையும், வளர்ந்த மீன்கள் களப்புக்குள் நுழையும் காலத்தில் கையளவு இரையும் பொருந்தும். கரைக்கு வந்த மீனின் வயிற்றைக் கிழிக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதை நோக்கும் மீனவர், மறுநாள் எந்த இரையை எடுக்க வேண்டும் என்பதற்கு எந்தக் கடைக்காரரையும் கேட்க வேண்டியதில்லை.

நிறத்துக்கான விதி சுருக்கமானது. தெளிந்த நீரில் வெள்ளியும் இயற்கை வண்ணமும். மழைக்குப் பின் ஆறு கொண்டுவரும் கலங்கல் நீரில் பளிச்சென்ற மஞ்சளோ அடர்ந்த கறுப்போ. இருள் கவியும் வேளையில் கறுப்பு. கீழிருந்து மேல்நோக்கும் மீனுக்கு மங்கிய வானத்தின் பின்னணியில் கறுப்பு உருவமே தெளிவாகத் தெரியும். சிவப்பு நிறம் ஆழத்தில் முதலில் மறைந்துவிடும் என்பது உண்மையேயாயினும், இடுப்பளவு நீரில் அதனால் பெரிய வேறுபாடு ஏற்படாது. கலங்கல் நீரில் உள்ளே குண்டுகள் குலுங்கும் இரை, நிறத்தை விட நன்கு வேலை செய்யும்.

இரைகளைச் சோதிக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். ஒரே மாலையில் ஐந்து இரைகளை மாற்றி மாற்றி வீசி, ஆறாவதில் மீன் கிடைத்தால், ஆறாவது இரையே சிறந்தது என்று முடிவு கட்டுவோர் பலர். இதற்கிடையில் வெயில் தாழ்ந்திருக்கலாம், நீரோட்டம் திரும்பியிருக்கலாம், காற்று அடங்கியிருக்கலாம். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே முறையான சோதனை. இருவர் அருகருகே நின்று, வெவ்வேறு இரைகளை ஒரே ஆழத்தில் ஒரே வேகத்தில் வீசி, அரை மணித்தியாலத்தில் இரைகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டால், கைத்திறனா இரையா வென்றது என்பது விளங்கும். நாள், நேரம், நீரின் நிறம், மீன் கவ்விய இடம் ஆகியவற்றைக் கொப்பியில் குறித்து வைப்பவருக்கு, ஒரு பருவம் முடிவதற்குள் அவரது களப்புக்கென ஒரு பாடநூல் உருவாகிவிடும்.

பசியால் அன்றிக் கவ்வும் மீன்

மீன் எப்போதும் பசியினால்தான் இரையைக் கவ்வுகிறது என்று கருதுவது தவறு. பாஸ் மீனின் ஆண், கூட்டில் உள்ள முட்டையையும் குஞ்சையும் காக்கும் காலத்தில் அருகே வரும் எதனையும் தாக்கும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் பல பகுதிகளில் ஜூன் மாதப் பிற்பகுதி வரை பாஸ் மீன்பிடிக்கு அனுமதி இல்லாதிருப்பது பெரிதும் இதனாலேயே. காவல் நிற்கும் மீன் சில நிமிடங்கள் அகற்றப்பட்டாலும், காத்திருக்கும் சிறு மீன்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடும்.

எமது விராலும் இவ்வாறான பெற்றோரே. செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர் மட்டத்தில் மொய்க்கும்போது அதனடியில் பெரிய விரால் காவல் நிற்கும். அந்தத் திரளுக்குள் தவளை இரையை வீசினால் மீன் தவறாது பாயும். இது திறமைக்குச் சான்றாகாது. அப்படி ஒரு விராலைப் பிடித்தால் அத்திரள் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகும். செந்திரளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொள்ளும் வழக்கத்தை ஊர்தோறும் பெரியவர்கள் இளையோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கொடுவாவின் கதை இதனினும் நுட்பமானது. இந்த மீன் முதலில் ஆணாக முதிர்ச்சியடைந்து, சில ஆண்டுகளின் பின்னர், ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளத்தை நெருங்கும்போது பெண்ணாக மாறுகிறது. ஆகவே, புகைப்படத்துக்காகத் தூக்கிப் பிடிக்கப்படும் மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் தாய் மீன்கள். ஒரு பெரிய தாய் மீன் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடவல்லது. பெரியவற்றை மட்டும் தேடிப் பிடிக்கும் பழக்கம், களப்பின் பெண் மீன்களை மட்டும் தேடிப் பிடிப்பதற்குச் சமமாகிவிடுகிறது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவை மட்டுமன்றி, 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதி இருப்பதன் பொருள் இதுவே. கீழெல்லை குஞ்சைக் காக்கிறது; மேலெல்லை தாயைக் காக்கிறது.

அந்நிய மீன் வேண்டுமா?

உல்லாசப் பயணத்தை வளர்க்க வேண்டுமாயின் உலகறிந்த விளையாட்டு மீன்களைக் குளங்களில் விடலாமே என்ற எண்ணம் சிலருக்குத் தோன்றக்கூடும். அது புதிய எண்ணமன்று. ஆங்கிலேயர் 1880களில் தமது பொழுதுபோக்குக்காக ட்ரவுட் மீனை மலையகத்து ஓடைகளுக்குக் கொண்டுவந்தனர். பாஸ் மீனைக் கொண்டுசென்ற நாடுகளின் அனுபவத்தை அறிந்த பின்னர் அந்த எண்ணத்தில் எவரும் நிலைத்திருப்பது கடினம்.

குவாத்தமாலாவின் அட்டித்லான் ஏரியில், உல்லாசப் பயணிகளைக் கவரும் நோக்கில் 1958 முதல் பாஸ் மீன் விடப்பட்டது. அது ஏரியின் நண்டுகளையும் சிறு மீன்களையும் தின்று பெருகியது. உலகில் வேறெங்கும் காணப்படாத அட்டித்லான் முக்குளிப்பான் என்ற பறவை இரையின்றித் தவித்தது. அதன் குஞ்சுகளும் அந்த மீனுக்கு இரையாயின. சுமார் 200 ஆக இருந்த பறவைகள் 1960களின் நடுப்பகுதியில் 80 அளவுக்குக் குறைந்தன. நாணல் அழிவும், 1976 நிலநடுக்கத்தின் பின் ஏரி நீர்மட்டம் தாழ்ந்ததும் எஞ்சியவற்றைப் பாதித்தன. 1980களின் முடிவோடு அப்பறவை இனமே இல்லாமற் போயிற்று. அங்கு முன்னர் நண்டும் சிறு மீனும் பிடித்து உண்ட ஏரிக்கரை ஏழைகளும் தமது உணவை இழந்தனர்.

ஜப்பானில் 1925 இல் ஆஷி ஏரியில் விடப்பட்ட பாஸ் நாடெங்கும் பரவியது. தொன்மையான பிவா ஏரியின் சொந்த மீன்கள் அதனால் பெரிதும் குறைந்தன. 2005 இல் நடைமுறைக்கு வந்த அந்நிய உயிரினச் சட்டத்தின்படி அதனை உயிருடன் கொண்டுசெல்வதும் வளர்ப்பதும் விடுவிப்பதும் தடை செய்யப்பட்டன. 1932 இல் அமெரிக்காவில் பிடிபட்ட, 10 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட பாஸ் மீனின் உலக சாதனையை 2009 இல் சமன் செய்த மீன், அதே பிவா ஏரியில் பிடிபட்டது என்பது குறிப்பிடத்தக்கது. விளையாட்டுக்குச் சாதனை, ஏரிக்கு அது நோயின் அறிகுறி.

இங்கே ஒரு நியாயமான எதிர்வினா எழும். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் அந்நிய மீன்தானே? ஆம். உலகின் மிகத் தீங்கான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில், பாஸ் மீனுடன் திலாப்பியாவும் இடம்பெற்றுள்ளது. ஆயினும், எமது குளங்களில் பாசியையும் மக்கும் பொருளையும் உண்டு பெருகிய திலாப்பியா, கடலுக்குத் தொலைவில் வாழும் ஏழைகளின் சட்டிக்கு மலிவான மீனைக் கொண்டுவந்தது. அரசாங்கம் 1990 இல் நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தி, 1994 இல் மீண்டும் வழங்கத் தொடங்கும் வரையிலான இடைக்காலத்தில் அந்த மீனின் அருமை பலருக்கும் தெரிந்தது. பாசி உண்ணும் மீனையும், மீனை உண்ணும் மீனையும் ஒரே தராசில் வைக்க முடியாது. உணவுக்கென வந்ததும் விளையாட்டுக்கென வருவதும் ஒன்றல்ல. எதுவாயினும், ஒரு முறை நீரில் விட்டதை மீட்டெடுக்க முடியாது என்பதே இரண்டும் கற்பிக்கும் பாடம். அலங்காரத் தொட்டிகளிலிருந்து வெளியேறிய கத்தி மீனும், தொட்டியைத் துப்புரவு செய்யும் மீனும் இலங்கையின் நன்னீர்களில் பரவியிருப்பது இந்தப் பாடத்தை நாம் இன்னும் கற்கவில்லை என்பதற்குச் சான்று.

கண்டல் இல்லையேல் கொடுவா இல்லை

உலகின் விலையுயர்ந்த இரையும் மீனில்லாத நீரில் வெறும் பிளாஸ்டிக்கே. 1980கள் முதல் புத்தளம் மாவட்டத்தில் இறால் பண்ணைகள் விரைந்து பெருகியபோது கண்டல் காடுகளும் சதுப்புகளும் பெருமளவில் அழிந்தன. 1996 இல் பரவிய வெண்புள்ளி நோய் உள்ளிட்ட நோய்களால் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. காடும் இல்லை, பண்ணையும் இல்லை என்ற நிலையில் அந்தக் குளங்கள் பல இன்றும் கிடக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பல்லாயிரக்கணக்கில் இங்கே தஞ்சமடைந்தனர். அவர்களுள் படகையும் வலையையும் இழந்து வந்த மீனவர்களும் இருந்தனர். வந்தவர்களும் இருந்தவர்களும் ஒரே களப்பைப் பகிர்ந்துகொண்டனர். பகிர்வோர் தொகை பெருகிய அதே காலத்தில், மீன் வளரும் இடம் சுருங்கியது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. தனது கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டத்தை இலங்கை 2015 இல் அறிவித்தது. சிலாபத்தை அண்டிய பம்பலவில் 2016 இல் கண்டல் நூதனசாலையொன்று திறக்கப்பட்டது. எனினும், நாற்று நடுவது மட்டும் தீர்வாகாது. நாட்டின் 23 இடங்களில் மேற்கொள்ளப்பட்டு 2017 இல் வெளியான ஆய்வொன்று, 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயரே நிலைத்ததெனக் காட்டியது. தவறான இடமும், தவறான இனமும், நட்ட பின் கவனிப்பின்மையும் காரணங்களாகக் கூறப்பட்டன. கைவிடப்பட்ட பண்ணைகளின் வரம்புகளை உரிய இடங்களில் வெட்டி, வற்றுப் பெருக்கு நீரை உள்ளே வரவிட்டால், அருகே தாய் மரங்கள் உள்ள இடங்களில் கண்டல் தானே முளைக்கும். கண்டலின் வேரிடையே இறாலும் மடவையும் வரும். அவற்றைத் தேடிக் கொடுவா வரும்.

செய்யக்கூடியவை

களப்போர மீனவர் சங்கங்களும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், ஆலய பரிபாலன சபைகளும், பாடசாலைகளும் முன்வந்தால் சட்டத்துக்காகக் காத்திராமல் சில ஒழுங்குகளை நடைமுறைப்படுத்தலாம். மிகச் சிறிய கொடுவாவையும் மிகப் பெரிய கொடுவாவையும் திரும்ப விடுவது. குஞ்சு காக்கும் விராலைத் தொடாதிருப்பது. முக்கூர் முள்ளுக்குப் பதிலாக, கொக்கி நசுக்கப்பட்ட ஒற்றை முள்ளைப் பயன்படுத்துவது. அறுந்த தங்கூசியையும் கிழிந்த பிளாஸ்டிக் இரையையும் நீரில் எறியாதிருப்பது. தொட்டி மீனை எந்நிலையிலும் குளத்தில் விடாதிருப்பது. இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை.

பிடித்து விடுவதையே விளையாட்டாகக் கொள்ளும் மேலைநாட்டு வழக்கத்தை எம்மவர் பலர் ஐயத்தோடு நோக்குகின்றனர். உயிருள்ளதை விளையாட்டு இலக்காக்குவதை நபிகள் நாயகம் அவர்கள் தடுத்துள்ளார்கள். கொல்லாமையை அறங்களுள் முதலில் வைத்தது தமிழ் மரபு. ஆகவே, உணவுக்காகப் பிடிப்பதும், எடுக்கத் தகாததை ஊறுபடுத்தாமல் விடுவதும் எமது மரபுக்கு இசைந்த நெறியாகும். ஈரக் கையால் தொட்டு, நீருக்குள் வைத்தே முள்ளை அகற்றி விடப்படும் மீன் பிழைத்துக்கொள்ளும். மணலில் புரட்டி, நெடுநேரம் படமெடுத்து விடப்படும் மீன் நீந்திச் சென்றாலும் பிழைப்பது அரிது.

வருவாய் நோக்கிலும் சிந்திக்கலாம். வலையில் சிக்கிய கொடுவா ஒரு முறை விற்பனையாகும். அதே மீன் எங்கே, எப்போது, எந்த இரைக்கு வரும் என்பதை அறிந்த மீனவர் வழிகாட்டியாகச் சென்றால், அவரது அறிவு ஒவ்வொரு நாளும் ஊதியம் தரும். அந்த ஊதியம் வெளியூர் ஹோட்டல்காரரிடம் மட்டும் தங்கிவிடாமல் படகோட்டியின் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். இரைகளையும் இறக்குமதி செய்தே ஆக வேண்டுமென்பதில்லை. தக்கையும் ஈயத்தாளும் ஒரு பின்லாந்து மீனவருக்குப் போதுமாக இருந்தன. எடை குறைந்த மரமும் பொறுமையும் உள்ள எமது இளைஞருக்கு அது இயலாததன்று.

பொய் இரை மீனை ஒரு கணம் ஏமாற்றும். ஆனால் அதனைச் செய்பவரும் வீசுபவரும் நீரின் மெய்யை அறிந்திருந்தால்தான் அந்த ஒரு கணமும் வாய்க்கும். புத்தளம் களப்புக்கு உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒரு மீனைக் கொண்டுவர வேண்டியதில்லை. அதற்குரிய மீன் அதனிடமே உண்டு. அந்த மீன் வளர வேரும், வந்துபோக வழியும், முட்டையிடத் தாயும் எஞ்சியிருக்க வேண்டும். அதனை உறுதி செய்வது களப்பைச் சூழ வாழும் அனைவரதும் பொறுப்பாகும்.